அந்த 70 டாலர் எதற்கு?

"அழித்துக் கொடுத்தால் 180 டாலர். உள்ளே இருப்பது அப்படியே இருந்தால் 250." நான் விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு பழைய ஹார்டு டிஸ்க்குக்கு வந்த விசாரிப்புகளில் ஒன்று இது. மற்றவர்கள் வழக்கம்போல விலையைக் குறைக்கச் சொன்னார்கள், அனுப்பும் செலவு யாருடையது என்று கேட்டார்கள், ஒருவர் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். இவர் மட்டும் இரண்டு விலை சொன்னார். மரியாதையான ஆள், எழுத்தில் எந்தக் கோணலும் இல்லை. ஆனாலும் நடுவில் இருக்கும் அந்த 70 டாலர் என்னைப் போட்டுக் குடைய ஆரம்பித்துவிட்டது. இரண்டு விலைக்கும் பெட்டி ஒன்றுதான், மோட்டார் ஒன்றுதான், கேபிளும் ஒன்றுதான். அப்படியானால் கூடுதலாகத் தரும் 70 டாலருக்கு அவர் என்னிடம் எதை வாங்குகிறார்? அதை விற்க நான் யார்?

பெட்டியே என்னுடையது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் சன்னிவேலில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். கணவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போவதாக முடிவு செய்து, கேரேஜை ஒழிக்கத் தொடங்கியிருந்தார். மரச் சாமான்களுக்கும் தோட்டக் கருவிகளுக்கும் ஆள் வந்துவிட்டது. இந்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "நீ கம்ப்யூட்டர் வேலைதானே, இதைக் குப்பையில் போடலாமா?" என்று கேட்டார். ஐ.டி.யில் இருப்பவன் எல்லா மின்சாதனத்துக்கும் பொறுப்பாளி என்கிற நம்பிக்கை நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பெட்டியின் முகப்பைப் பார்த்ததும், குப்பை வேண்டாம், விற்றுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பழைய ஹார்டு டிஸ்க் இந்தப் பகுதியில் அபூர்வம் இல்லை. ஹார்டு டிஸ்க் பிறந்ததே இங்கிருந்து சில மைல் தள்ளி, சான் ஹோசேயில் இருந்த ஐ.பி.எம். ஆய்வகத்தில்தான். 1956-இல் வெளிவந்த ராமாக், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை ஒரே தண்டில் அடுக்கி, 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தது. மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்றைச் சரிசெய்து ஓட்டிக் காட்டுகிறார்கள். அதனால் இங்கே கேரேஜைத் திறந்தால் டிஸ்க் கொட்டும், பெரும்பாலும் இரும்பு விலைக்குக்கூடப் போகாது. ஆனால் அந்த அம்மா கையில் இருந்தது ஆப்பிளின் ஹார்டு டிஸ்க் 20.

ஆப்பிளின் மேக் கணினிப் பிரியர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக, ஏன் இதற்கு மட்டும் ஆள் வருகிறது என்பதைச் சொல்கிறேன். 1985 செப்டம்பரில் 1,495 டாலருக்கு வந்த 20 மெகாபைட் பெட்டி இது. மேக்கின் அடியில் கச்சிதமாகப் பொருந்தி, மேஜையில் தனி இடம் பிடிக்காதபடி செய்திருந்தார்கள். அப்போதைய மேக்கில் ஹார்டு டிஸ்க் மாட்டத் தனி வழியே கிடையாது. ஆகவே வெளி ப்ளாப்பி டிரைவை மாட்டுகிற துளையிலேயே இதையும் மாட்டினார்கள். வேகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது ஸ்காட்லாந்தின் ரோடைம் கம்பெனியின் டிரைவ். மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க்கை 1983-இல் முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். பெட்டி கடைக்கு வந்த சில மாதங்களிலேயே, 1986 ஜனவரியில், ஹார்டு டிஸ்க் மாதிரியானவற்றை மாட்டுவதற்கென்றே உள்ள வேகமான ஸ்கஸி துளையோடு மேக் ப்ளஸ் வந்துவிட்டது. அதே வருடம் ஸ்கஸி வழியாக வேலை செய்யும் 20எஸ்சி டிரைவும் வந்ததோடு இதன் கதை முடிந்தது. ஆசையாக வாங்கியவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். இன்றைக்குச் சேகரிப்பவர்களுக்கு அந்தக் குறுகிய ஆயுள்தான் கவர்ச்சி.

இன்னொரு விஷயம், பின்னால் வரும் கதைக்கு அதுதான் முக்கியம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் முறை மேக்குக்கு இந்த டிஸ்க்கோடுதான் வந்தது. அதற்கு முன்பு ப்ளாப்பியில் ஃபோல்டர் என்று திரையில் தெரிந்ததெல்லாம் ஒரு தோற்றம்தான், உள்ளே எல்லாக் கோப்பும் ஒரே பட்டியலில் கிடந்தன. 20 மெகாபைட்டை அப்படி வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தேடி எடுக்க முடியாது. ஆக, ஒழுங்கான ஒரு மனிதர் தன் வேலையை வருடவாரியாக, ஆள்வாரியாகப் பிரித்து அடுக்கிவைக்க வசதி செய்துகொடுத்த முதல் மேக் பெட்டி இது. பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் மிகவும் ஒழுங்கான மனிதர்.

சோதிக்கவில்லை

பழைய சாமான் விற்கும் இடங்களில் "சோதிக்கவில்லை" என்று போட்டிருந்தால் அனுபவசாலிகள் அதைச் "சோதித்தோம், வேலை செய்யவில்லை" என்றுதான் படிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஓடுகிற டிஸ்க்கை ஓடுகிறது என்று எழுதினால் விலை கூடும் என்று தெரிந்தும் ஒருவர் எழுதாமல் இருந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஆனால் நாற்பது வருடப் பழைய ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. சோதனை என்று சுவிட்சைப் போடுவதே அதைக் கொன்றுவிடலாம். மின்சாரப் பகுதியில் இருக்கும் பழைய மின்தேக்கிகள் வெடித்துப் புகையலாம். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்ததில், எழுதவும் படிக்கவும் செய்யும் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் மோட்டார் முக்கி முனகும், தட்டு சுற்றாது. நல்ல எண்ணத்தோடு ப்ளக்கைச் சொருகிப் பார்த்து, ஓடக்கூடிய டிரைவைச் சாகடித்து, பிறகு நேர்மையாக "ஓடவில்லை" என்று எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். தெரியாவிட்டால் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. வாங்குகிறவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

எனக்கு அதிர்ஷ்டவசமாக அலுவலகத்தில் ஒரு நண்பர் இருக்கிறார், மதுரைக்காரர், வீட்டில் ஓடும் நிலையில் ஒரு மேக் ப்ளஸ் வைத்திருக்கிறார். அவர் மனைவிக்கு அந்த அறைக்குள் வர விருப்பமில்லை என்பது தனிக் கதை. ஒரு சனிக்கிழமை பெட்டியை அவரிடம் கொண்டுபோனேன். அவசரமே படாமல் திறந்து, மின்சாரப் பகுதியை டிரைவிலிருந்து பிரித்து, மின்தேக்கிகள் உப்பியிருக்கின்றனவா, கசிந்திருக்கின்றனவா என்று விளக்கடியில் பார்த்தார். தனியாக அதற்கு மட்டும் மின்சாரம் கொடுத்து 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக வருகிறதா என்று அளந்தார். அப்புறம்தான் டிரைவை மாட்டினார். சுவிட்ச் போட்டதும் உள்ளிருந்து மெல்லிய ரீங்காரம், அவ்வளவுதான். உடனே அணைத்துவிட்டார். பெட்டியைத் தட்டையாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அருகே இழுத்துவைத்த மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி, மணிக்கட்டைச் சட்டென்று ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். மறுபடி சுவிட்ச். இந்த முறை சத்தம் அடியிலிருந்து மேலேறி ஒரே சுருதியில் நின்றது. பிறகு ஹெட் நகரும் கரகரப்பு. ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் டிஸ்க்கின் படம் வந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினோம்.

டிஸ்க்கைத் திறந்தோம். மேக்ரைட், மேக்பெயின்ட், எக்செல், அட்டைகளை அடுக்கி நாமே சின்ன நிரல் செய்துகொள்ள உதவும் ஹைப்பர்கார்டு. கடிதங்கள் என்று ஒரு ஃபோல்டர், சர்ச் என்று ஒன்று. அப்புறம் வரி 86, வரி 87 என்று 91 வரைக்கும் வரிசை. நண்பர் விளையாட்டாக 88-ஐத் திறந்தார். உள்ளே ஆள் பெயரில் ஃபோல்டர்கள். முதல் வரிசையிலேயே இரண்டு குடும்பப் பெயர்கள் எனக்குத் தெரிந்தவை, இன்னும் எங்கள் தெருவில் இருப்பவை. அந்த அம்மாவின் கணவர் மாலைக் கல்லூரியில் கணக்கியல் சொல்லிக்கொடுத்தவர், வரிக் காலத்தில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் படிவம் நிரப்பித் தந்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நண்பர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "வேணாம் பாஸ், மூடிடலாம்" என்றார். மூடிவிட்டோம்.

மூடியதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. டிஸ்க் ஓடுகிறது என்பதற்கு அத்தாட்சியாகத் திரையை ஒரு படம் எடுத்து விளம்பரத்தில் போட்டோம். ஆள் பெயர் எதுவும் அதில் இல்லை, முதல் சாளரம் மட்டும்தான். ஆனால் அந்தக் காலத்து மேக்கில் சாளரத்தின் தலையிலேயே எத்தனை கே (கிலோபைட்) நிறைந்திருக்கிறது, எத்தனை கே காலி என்று எழுதியிருக்கும். முக்கால்வாசி நிறைந்த டிஸ்க் என்பதைப் பார்த்த ஒருவர்தான் 180, 250 என்று எழுதினார்.

காப்பாற்றுகிறவர்களின் வாதம்

அவரோடு சில நாட்கள் மடல் பரிமாறினேன். கெட்ட நோக்கம் எதுவும் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவருடைய கவலை வேறு. எண்பதுகளின் மென்பொருள் அழிந்துகொண்டிருக்கிறது. கடையில் விற்ற பெரிய பெயர்கள் தப்பிவிட்டன. ஆனால் ஒரு பயனர் சங்கத்தில் கைமாறிய சின்ன நிரல், வருடத்துக்கு ஒருமுறை மாறிய வரி மென்பொருளின் பழைய பதிப்பு, யாரோ ஒரு ஆசிரியர் தன் வகுப்புக்குச் செய்த ஹைப்பர்கார்டு அடுக்கு, இவையெல்லாம் இந்த மாதிரி அழிக்கப்படாத டிஸ்க்குகளில்தான் மிச்சம் இருக்கின்றன. விற்பவர்கள் நல்லது செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். "அவர்கள் எதை அழித்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று எழுதினார். இந்த வரிக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

பழைய வட்டுகளிலிருந்து பெரிய விஷயங்கள் கிடைத்ததும் உண்மை. ஆண்டி வார்ஹோல் 1985-இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் 2014-இல் வெளிவந்தன. ப்ளாப்பிகளிலிருந்து அவற்றை மீட்டவர்கள் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினிச் சங்கத்தினர். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டின் மூல நிரல் இருந்த ப்ளாப்பிகளை 2012-இல் ஜோர்டன் மெக்னரின் அப்பா வீட்டில் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார், மகன் அதை வெளியிட்டார். இரண்டையும் அவர் எனக்கு உதாரணமாகக் காட்டினார். யோசித்துப் பார்த்தால் இரண்டுமே அவருடைய கட்சிக்கு உதவவில்லை. வார்ஹோலின் ப்ளாப்பிகள் அவர் பெயரில் இயங்கும் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவை. மெக்னர் தான் எழுதியதைத் தானே வெளியிட்டார். கேரேஜில் பெட்டி வாங்கிய ஒருவர் உள்ளே கிடந்ததை எடுத்துப் போட்ட கதை இல்லை இவை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158-ஐ விலைக்கு வாங்கி உள்ளே பார்த்து, 2003-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஓடியவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டும். மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்களும் மருத்துவ விவரங்களும் கிடைத்தன. அது அன்றைய டிஸ்க், 1988-ஆம் வருடத்து விவரத்தை வைத்து இன்று யார் என்ன செய்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். கடன் அட்டை என்றால் எப்போதோ காலாவதி ஆகியிருக்கும். ஆனால் அமெரிக்க வரிப் படிவத்தின் தலையில் இருப்பது சோஷியல் செக்யூரிட்டி எண். ஒருவருக்குக் கொடுத்தால் பெரும்பாலும் சாகும்வரை அதுதான். எங்கள் தெருவில் தினமும் நாயோடு நடக்கிற ஒருவரின் அந்த எண், 70 டாலர் கூடுதல் விலைக்குள் ஒளிந்திருந்தது.

இப்படி எழுதிப் பார்த்தபோது விஷயம் சுலபமாகிவிட்டது போலத் தோன்றியது, ஆகவில்லை. வரி ஃபோல்டர்களை அழித்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். கடிதங்கள்? சர்ச்? ஹைப்பர்கார்டில் அவர் என்ன செய்து வைத்திருந்தார்? எது யாருடையது என்று தெரிய வேண்டுமானால் திறந்து படிக்க வேண்டும். படித்துவிட்டு, இதைப் படித்திருக்கக் கூடாது என்று முடிவு செய்வதில் என்ன பயன்?

கேட்க வேண்டியவர்

கடைசியில் அந்த அம்மாவிடமே போனேன். கொஞ்சம் தயக்கம்தான். போன மனிதரின் கடிதங்கள் இருக்கின்றன, வேண்டுமா என்று எப்படிக் கேட்பது? அவர் அழுதால் என்ன செய்வது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். சமையலறையில் உட்காரவைத்து, முழுவதையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு எழுதியதாக இருந்தால் அப்போதே எனக்கு வந்திருக்கும். மற்றவர்களுக்கு எழுதியதை நான் எதற்குப் படிக்க வேண்டும்?" என்றார். கடிதங்கள் விவகாரம் அதோடு முடிந்தது. வரி ஃபோல்டர் என்றதும் முகம் மாறியது. "இந்தத் தெருவில் ஒருவருக்கு மனைவிக்குத் தெரியாமல் வேறு ஊரில் ஒரு வீடு இருந்தது. வாடகை வருமானம் காட்ட வேண்டுமே, அதனால் இவருக்குத் தெரியும். எனக்கு இது தெரிய வந்ததே அந்த மனிதர் செத்த பிறகுதான். அவ்வளவு வருடம் என்னிடமே சொல்லவில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "அவர் சொல்லாததை அந்தப் பெட்டி மட்டும் சொல்லலாமா?" என்றார். நிரல்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார், அவற்றைக் கணவர் காசு கொடுத்து வாங்கினார், எழுதவில்லை. அவர் கையால் தட்டியது எதுவும் போகக் கூடாது.

சேகரிப்பாளர் வாதத்துக்கும் தனியுரிமை வாதத்துக்கும் நடுவில் நான் தேடிக்கொண்டிருந்த கோடு இவ்வளவு நேராக இருக்கும் என்று நினைக்கவில்லை. வாங்கினது போகலாம், எழுதினது போகக் கூடாது. எதையும் திறந்து படிக்காமலே இந்தக் கோட்டைப் பிடித்துப் பிரித்துவிடலாம், அதுதான் இதன் அழகு. (காசு கொடுத்து வாங்கிய நிரலையும் இன்னொருவருக்குக் கொடுக்க உரிமம் இடம் தருமா என்று மதுரைக்காரர் கேட்டார். அவரோடு பேசும்போது இந்த மாதிரி ஒன்று வரத்தான் செய்யும்.)

மறுபடி நண்பர் வீடு. மேக் ப்ளஸ்ஸில் ப்ளாப்பித் துளையும் ஸ்கஸியும் இரண்டுமே இருப்பது இங்கே வசதி. ஒன்றில் இந்தப் பெட்டி, மற்றதில் எஸ்டி கார்டை ஹார்டு டிஸ்க் போலக் காட்டும் ப்ளூஸ்கஸி. நிரல்களையும் எழுத்துருக்களையும் கார்டுக்கு நகலெடுத்தோம். ஹைப்பர்கார்டில் நிரலோடு வந்தவை போக, அவரே செய்தவை என்று தேதியைப் பார்த்தே தெரிந்தவற்றை விட்டுவிட்டோம். அப்புறம் துடைப்பு. குப்பைத்தொட்டியில் போட்டால் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். டிஸ்க்கை முழுதாக அழிக்கச் சொன்னாலும் பெரும்பாலும் பட்டியல்தான் புதிதாக எழுதப்படும், பழைய எழுத்துகள் தட்டில் அப்படியே கிடக்கும். ஆகவே அழித்த பிறகு, அர்த்தமில்லாத ஒரு பெரிய கோப்பை உள்ளே போட்டு, அதை நகலெடுத்து, நகலையும் நகலெடுத்து, இடமில்லை என்று டிஸ்க்கே கையை விரிக்கும்வரை நிரப்பினோம். அந்த ப்ளாப்பித் துளையின் வேகத்தில் இது நடந்துகொண்டிருக்க, நண்பர் வீட்டில் இட்லி, சாம்பார் எல்லாம் ஆனது. மீண்டும் அழித்து, நிரல்களை மட்டும் திருப்பிப் போட்டோம்.

வாங்குபவருக்கு நடந்ததை எழுதினேன், விலை 180 என்றேன். பதில் உடனே வரவில்லை. வந்தபோது ஒரு வரிதான், சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்று. அது எனக்கும் நிம்மதி. அந்தக் காலத்து டிரைவ்கள் பலவற்றில் மின்சாரம் போனதும் ஹெட் தானாகப் பாதுகாப்பான இடத்துக்குப் போகாது, பார்சலில் ஆடி அடிபட்டால் தட்டு கீறிவிடும். வந்தவர் அறுபதை ஒட்டிய மனிதர், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பேசினார். என் முடிவை அவர் ஏற்கவில்லை. இன்னும் ஐம்பது வருடம் போனால் அந்தத் தெருவில் யாருமே இருக்க மாட்டார்கள், அப்போது 1988-இல் ஒரு சாதாரண மனிதர் மேக்கை எப்படிப் பயன்படுத்தினார் என்று யாராவது தேடினால் என்ன காட்டுவீர்கள் என்று கேட்டார். ஐம்பது வருடம் போகட்டும் என்றேன். அது பதில் இல்லை என்றார். அவர் சொன்னதும் சரிதான், ஆனால் என்னிடம் இருந்த டிஸ்க் இன்றைக்கு விற்கப்படுகிற டிஸ்க்.

பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து நின்றிருந்தார். எண்ணிக் கொடுத்த பணத்தை எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, கையில் இருந்த ஒரு ப்ளாப்பியை அவரிடம் நீட்டினார். கேரேஜில் வேறொரு பெட்டியில் கிடந்ததாம். வாங்க வந்தவர் அதைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். ஹார்டு டிஸ்க் 20-ஐ மேக் ப்ளஸ்ஸுக்கு முந்தைய 512கே மேக்கில் மாட்டினால் அது நேராகக் கிளம்பாது, முதலில் இந்த ப்ளாப்பியைப் போட்டுத்தான் எழுப்ப வேண்டும். அவரிடம் இருப்பது 512கே. ஆப்பிளின் அச்சிட்ட ஒட்டுத்தாளுக்கு மேல் பேனாவால், சாய்ந்த கையெழுத்தில், "இதை முதலில் போடு" என்று எழுதியிருந்தது. கணவர் தனக்காக எழுதி ஒட்டியது, தான் ஒருநாளும் போட்டதில்லை என்றார் அம்மா. இதற்குத் தனியாக 40 டாலர் தருகிறேன் என்றார் வாங்க வந்தவர். அம்மா வாங்கிக்கொண்டார்.